பசையில் செய்த பந்து

ஓர் இடத்தில் உட்கார என்னால் முடியாது. முழங்கால் தேய்ந்துபோன இந்த வயதிலும் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் இருக்கிறேன். பதிமூன்று வயதில் இது இன்னும் மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கோவில்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் போல என்னையும் தீப்பெட்டி ஒட்ட உட்கார வைத்திருந்தார்கள். மெல்லிய மரத்தகட்டை மடிக்க வேண்டும், நீலத்தாளில் பசை தடவ வேண்டும், சுற்றி ஒட்ட வேண்டும், வெயிலில் பரப்ப வேண்டும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும். உடம்பு மட்டும் எழுந்திரு, எழுந்திரு என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

"ஏட்டி, அடியில எறும்பா கடிக்குது? பத்துப் பெட்டிக்கு ஒருக்கா எந்திக்க" என்பாள் அம்மா.

"தண்ணி குடிக்கப் போறேன்."

"நீ குடிக்க தண்ணிக்குக் கண்மாயே வத்திரும்."

அறுபதுகளின் தொடக்கம் அது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா நூல் மில்லுக்குப் போய்விடுவார். ஒட்டி முடித்த பெட்டிகளை அம்மா கூடையில் அடுக்கித் தலையில் வைத்துத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கொண்டு போவாள். எங்கள் காம்பவுண்டின் முன்பக்க அறையில் ஒரு நர்சம்மா குடியிருந்தார். தெற்கே இருந்து வந்த வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், தனியாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலையில் கறை பட்டு நான் பார்த்ததே இல்லை.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. பெரிய டாக்டர் பங்களாவில் போட்ட குட்டிகளில் ஒன்றாம். இரண்டு வயது ஆன பிறகும் அரிசி புடைக்கிற சுளகுக்குள் அடங்கிவிடும். காதில் மயிர் தொங்கும், கால்கள் குட்டை. பெட்டை நாய். நர்சம்மா அதற்கு வைத்திருந்த பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவேன். அதுவும் என்னவென்று திரும்பிப் பார்க்கும்.

ஆட்களோடு பேச எனக்கு வராது. யாராவது ஏதாவது கேட்டால் தாவணி நுனியை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன். தெருவில் என்னை ஊமை என்றே சொன்னார்கள். நர்சம்மா குடிவந்து மூன்று வருஷத்தில் அவரோடு முப்பது வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அந்த நாயிடம் மட்டும் எப்படியோ பேச்சு வந்தது.

ஒரு பங்குனியில், தங்கையின் பிரசவத்துக்கு என்று ஒரு மாத லீவு போட்டு நர்சம்மா ஊருக்குக் கிளம்பினார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாயைக் கொண்டு போக முடியாது. அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

"ஒரு நேரம் மோர்ச்சோறு வச்சாப் போதும், பிள்ள. இதோட அம்மை இருக்கே, டாக்டரையா பந்தை எறிஞ்சா ஓடிப் போய் கவ்வீட்டு வந்து கால்ல போடும். இதுக்கு அந்தச் சூட்டிகை எல்லாம் கெடையாது. திங்கும், தூங்கும். ஆனா இதுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்காது, கேட்டியா" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குதிரை வண்டி தெருமுக்குத் திரும்புகிற வரைக்கும் தலையை வெளியே நீட்டி, என் கையில் இருந்த நாயையே பார்த்துக்கொண்டு போனார்.

சூட்டிகை இல்லை என்று அவர் சொன்னது எனக்குள் கிடந்து உறுத்தியது. அவர் திரும்பி வருவதற்குள் பந்து எடுத்து வரப் பழக்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவர் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க வேண்டும். நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை, எறிந்து காட்டினால் போதும். பெட்டியை விட்டு எழுந்திருக்க ஒரு காரணமும் ஆயிற்று.

காம்பவுண்டுக்குப் பின்னால் காலிக் காடு. பருத்திமாரைப் பிடுங்கிவிட்டு வெறுமனே போட்டிருந்தார்கள். முதல் நாள் ஒரு கல்லை எறிந்தேன். நாய் கல்லைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தது. ஒடிந்த பருத்திக்குச்சியை எறிந்தேன். ஓடியது, கவ்வியது, அங்கேயே படுத்து அதைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. பிடுங்கப் போனால் ஓட்டம். அதற்கு அது ஓடிப்பிடிக்கிற விளையாட்டு. வெயிலில் அதைத் துரத்தித் துரத்தி என் தாவணி எல்லாம் நெருஞ்சி முள்.

நாலைந்து நாள் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. துரத்தக் கூடாது. அது கவ்வின உடனே நாம் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு பக்கம் ஓட வேண்டும். அப்போது அது வாயில் இருப்பதோடு நம் பின்னால் ஓடி வரும். வந்ததும் கடலைமிட்டாய் ஒரு துணுக்கு காட்டினால் வாயைத் திறக்கும், குச்சி கீழே விழும். "எடுத்துட்டு வா ஏட்டி" என்று மெதுவாகச் சொல்வேன். சத்தம் போட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம். அது மெதுவாகச் சொன்னாலே கேட்டுக்கொண்டது.

ஆனால் குச்சி அதன் ஈறைக் குத்தியது. துணியைச் சுருட்டிப் பந்து கட்டினேன். அப்போதுதான் கரிசல் மண் வேலையைக் காட்டியது. பங்குனி வெயிலில் காடு முழுக்க வெடித்துக் கிடந்தது. சில வெடிப்பில் விரல் நுழையும், சிலதில் முழங்கை வரைக்கும் போகும். எறிகிற துணிப்பந்து உருண்டு போய் வெடிப்புக்குள் இறங்கிவிடும். நாய் தலையை உள்ளே விட்டு அழும், மண்ணைப் பிராண்டும். அப்படி மூன்று பந்து போயிற்று. நாலாவதை எறியும்போது அது ஓடவே இல்லை. எறிகிறதெல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்று அது முடிவு செய்துவிட்டது போல.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெடிப்புக்குள் இறங்காத அளவுக்குப் பெரிய பந்து வேண்டும். பெரிதாக இருந்தாலும் அந்தச் சின்ன வாய் தூக்க வேண்டும் என்றால் கனம் இருக்கக் கூடாது. அது எதில் செய்வது என்று பசை தடவிக்கொண்டே யோசித்தேன். கையிலேயே இருந்தது.

கழித்துப் போட்ட நீலத்தாளைக் கசக்கி உருட்டி, மேலே மேலே பசை தடவித் தாளைச் சுற்றினேன். ஓட்டின் மேல் வைத்து மூன்று நாள் காயவிட்டேன். தேங்காய்ச் சிரட்டை மாதிரி இறுகி, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. கவ்வுவதற்குத் தோதாகத் தாளின் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டிருந்தேன். கறுப்பு மண்ணில் அந்த நீலம் எங்கே விழுந்தாலும் தெரியும்.

இந்த இடத்தில் பசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பசை காய்ச்ச ஆபீசில் மைதா மாவு கொடுப்பார்கள். அதில் மயில்துத்தத்தைக் கலந்துதான் கொடுப்பார்கள். வெறும் மாவாகக் கொடுத்தால் எங்கள் தெருவில் அது தோசையாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். துத்தம் விஷம் என்று ஒட்டுகிற வீட்டுப் பிள்ளை எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பசை ஈரமாக இருக்கும்போதுதான் விஷம், காய்ந்து பெட்டியோடு பெட்டியாகிவிட்டால் விஷம் செத்துவிடும் என்று நாங்களாக ஒரு கணக்கு வைத்திருந்தோம். காய்ந்த பெட்டியைத்தானே ஊரே மடியில் கட்டிக்கொண்டு திரிகிறது? யாருக்கு என்ன ஆயிற்று?

பந்தைக் கண்டதும் நாய்க்குப் பைத்தியம் பிடித்தது. கடலைமிட்டாயே வேண்டியிருக்கவில்லை. எறிந்தால் பாய்ந்து போகும், தாளின் காதைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வரும், கால் பக்கத்தில் போட்டுவிட்டு நக்கிக்கொண்டே நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை எறிந்திருப்பேன். நான் நன்றாகப் பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாகூடப் பின்கதவில் நின்று பார்த்துவிட்டு, "நாய்க்குப் பள்ளியோடம் நடத்துதியாக்கும். வாத்திச்சியம்மா, பெட்டியை யாரு ஒட்டுவா?" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

இரண்டு மூன்று நாளில் பந்தின் ஒரு பக்கம் வெளுத்துப் போனது. எச்சில் பட்டுச் சாயம் போகிறது என்று நினைத்து அந்த இடத்தில் புதுப்பசை தடவிப் புதுத்தாள் ஒட்டினேன். அது நக்க நக்க நான் ஒட்டினேன்.

நர்சம்மா வர ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு அம்மா கூடையோடு ஆபீசுக்குப் போயிருந்தாள். நான் பெட்டி பரப்பிவிட்டு நாயைக் கூப்பிட்டேன். வரவில்லை. மரத்தகட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் ஏதோ ஓங்கரிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் நாய் நாலு காலையும் அகட்டி நிற்கிறது. முன்னால் தண்ணீராய்க் கக்கியிருந்தது, நீலமும் பச்சையுமாக. பக்கத்தில் பந்து, பாதிதான் இருந்தது. மறுபடி ஓங்கரித்தது. பின்கால் நிற்கமாட்டாமல் மடங்கிவிட்டது.

என் கை இரண்டும் பசையாக இருந்தது. அதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும்தான் விளங்கிற்று.

எங்கேயோ ஓட வேண்டும் போல் இருந்தது. எங்கே என்று தெரியவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். அப்போது அந்த வருஷம் தைமாதம் நடந்தது ஞாபகம் வந்தது. எதிர்ச்சாரியில் ஒரு கைப்பிள்ளை பசைச்சட்டியை வழித்து நக்கிவிட்டது. நர்சம்மா ஓடி வந்து முட்டையைக் கொண்டாங்க என்றார். உடைத்து ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கொட்டினார். எதைக் கொட்டினார்? மஞ்சளையா, வெள்ளையையா? கண்ணை மூடி யோசித்தேன். மஞ்சள் சாணித்தரையில் கிடந்ததும், அந்தப் பிள்ளையின் ஆச்சி "மஞ்சக்கரு வீணாப் போச்சே" என்று அங்கலாய்த்ததும் நினைவில் வந்தது. அப்படியென்றால் பிள்ளைக்குப் புகட்டிப் பிழைக்க வைத்தது வெள்ளை.

எங்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது. நாங்கள் சுத்த சைவம். பின்தெருவில் கோழி வளர்க்கிற ஓர் அம்மா உண்டு. தெருவே அவளை அத்தை என்று கூப்பிடும். வாயைத் திறந்தால் தெரு முக்கு வரை கேட்கும். அவள் இருக்கிற பக்கம்கூட நான் நடக்க மாட்டேன்.

போனேன். அவளும் பெட்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றேன். சத்தம் வரவில்லை.

"யாரு, ஊமைப் பிள்ளையா? என்னட்டி, ஒங்கம்மை எதும் கேட்டு விட்டாளா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"பின்ன எதுக்கு வந்து நிக்க? என் வீட்டுல சிலையா செய்யுதாக?"

"முட்ட" என்றேன்.

"என்னது?"

"ரெண்டு முட்டை வேணும், அத்தே."

அவள் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். சிரித்த சிரிப்பில் கோழிகள் எழுந்து பறந்தன. "அடி ஆத்தே! ஊமைக்கு வாய் வந்துட்டு, வந்த வாய் முட்டை கேக்குது! ஆத்தாக்காரி அந்தப் பக்கம் போனதும் அவிச்சுத் திங்கப் போறியோ? சைவத்து வீட்டுப் பூனை சுத்தமாத்தான் இருக்கு!"

நாய்க்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள். துத்தம் என்றால் தெருவெல்லாம் அதைத்தான் பேசும். நர்சம்மா வண்டியை விட்டு இறங்குகிறபோதே காதில் போட்டுவிடுவார்கள். முட்டை தின்னியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

"ஆமா" என்றேன்.

"சும்மாவா தருவாக?"

"ஒரு குரோசு பெட்டி ஒட்டித் தாரேன்."

நூற்று நாற்பத்துநாலு பெட்டி. அத்தை உள்ளே போய் இரண்டு முட்டையைக் கொண்டுவந்து என் முந்தானையில் போட்டாள். "உப்பும் மொளகும் போட்டுத் தின்னுட்டி, அப்பத்தான் ருசி" என்று அவள் கத்தியது நான் ஓடி வரும்போது முதுகில் விழுந்தது.

அதற்கு முன்னால் முட்டையை நான் கையால் தொட்டதில்லை. துவைக்கிற கல்லில் தட்டினேன். முதல் முட்டை அப்படியே நொறுங்கி வெள்ளையும் மஞ்சளும் கலந்து கல்லில் ஓடிவிட்டது. இரண்டாவதை ஒரு நகக்கண் அளவு உடைத்து, ஓட்டையைக் கீழே பிடித்து, சிரட்டையில் வெள்ளையை மட்டும் சொட்ட விட்டேன். அது சொட்டுகிற வேகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உயிர் போயிற்று. தண்ணீர் விட்டு அடித்து, நாயின் வாயோரத்தைத் திறந்து கரண்டியால் ஊற்றினேன். கக்கியது. மறுபடி ஊற்றினேன். முதல் முட்டையில் வழிந்துபோனது போகக் கல்லில் மிஞ்சியிருந்த வெள்ளையையும் வழித்து ஊற்றினேன். அப்புறம் வீட்டில் இருந்த பாலை ஊற்றினேன். அது என் மடியில் கிடந்து நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. எதனால் நின்றது என்று தெரியாமல் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா வருவதற்குள் கல்லைக் கழுவி, மிஞ்சின பந்தை அடுப்பில் வைத்துக் கொளுத்திவிட்டேன். தீ பச்சையாக எரிந்தது.

நாய் சாகவில்லை. ஆனால் அடுத்த நாலைந்து நாள் அது நாயாகவும் இல்லை. வைத்த மோர்ச்சோற்றை மோந்துவிட்டு விலகிப் போகும். விலா எலும்பு எண்ணிவிடலாம். நான் அரிசிக்கஞ்சியை விரலால் தொட்டு அதன் நாக்கில் தடவுவேன். பெட்டி ஒட்டுவேன், எழுந்து போய்ப் பார்ப்பேன், மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். "வெயில் ஒத்துக்கலை அதுக்கு" என்றாள் அம்மா.

அத்தைக்கு ஒட்ட வேண்டிய பெட்டியை ஒளித்து ஒளித்து ஒட்டினேன். பாதியில் அம்மா பிடித்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டு, அத்தைக்கு என்று மட்டும் நான் சொல்லவும் அவளே பின்தெருவுக்குப் போய்விட்டு வந்தாள். முகம் கருத்துப் போயிருந்தது.

"எங்க வச்சுட்டித் தின்ன? அடுப்படியிலயா?"

"அடுப்படியில இல்ல."

"அப்ப தின்னது நெசம்?"

தாவணியை வாயில் கவ்விக்கொண்டேன். அம்மா அழுதாள். என்னைத் தொட்டிக்குக் கூட்டிப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். "ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாக" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அம்மா நர்சம்மாவிடம் சொல்லிவிடுவாள்.

நர்சம்மா வந்தார். வண்டியில் இருந்து இறங்கினதும் நாய் ஊர்ந்து போய் அவர் காலைச் சுற்றியது. தூக்கிப் பார்த்தவர், "என்னது, பஞ்சு மாதிரி ஆயிட்டு!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இல்லாம ஏங்கிப் போச்சாக்கும். நீ நல்லாத்தான் பாத்திருப்ப" என்றார். அந்த வார்த்தைக்கு நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பையில் இருந்து ஒரு சிவப்பு ரப்பர் பந்தை எடுத்தார். தங்கை பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதற்கும் ஒன்று வாங்கினாராம். உருட்டி விட்டார். பந்து நாயைத் தாண்டி ஓடியது. நாய் எழுந்து, பந்து போனதற்கு நேர் எதிர்ப்பக்கமாக நடந்து, என் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது.

"பாத்தியா, நான் சொல்லலை? மண்டுக் கழுதை" என்று சிரித்தார். அது மண்டு இல்லை, நாற்பது தடவை எறிந்தால் நாற்பது தடவையும் கொண்டுவந்தது என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை. அவர் அறை வாசலில் நாயை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி, ஒரு கரண்டி. அம்மா பசைச்சட்டியோடு அந்தப் பக்கம் போனவள், "என்ன மருந்துங்க அது?" என்றாள்.

"பூச்சி மருந்து. வயித்துல பூச்சி வச்சிருக்கு, அதான் இப்படி மெலிஞ்சிருக்கு. இதைக் குடுத்தா கொடலைக் கழுவி எடுத்துட்டு வந்துரும்."

நான் பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. ஒட்டின பெட்டிகள் மேல் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். நொறுங்குகிற சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் கையில் இருந்த கரண்டியைத் தட்டிவிட்டேன். மருந்து அந்த வெள்ளைச் சேலையில் போய் விழுந்தது.

"ஏட்டி!" என்று அம்மா அலறினாள்.

"பூச்சி இல்ல" என்றேன். "துத்தம். நான்தான். பசையில பந்து செஞ்சு போட்டேன். தின்னுட்டு. காஞ்சா ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். நீலமாக் கக்கிச்சு. முட்டை வெள்ளை குடுத்தேன். கொடல் புண்ணாத்தான் இருக்கும், இதைக் குடுக்காதீங்க. நல்லா எடுத்துட்டு வரும், அதுக்கு நல்ல புத்தி. என்னாலதான் இப்ப வரமாட்டேங்குது."

அவ்வளவு நீளமாக அதற்கு முன்னால் நான் யாரிடமும் பேசியதில்லை. நாய் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் வாய் திறந்தவள் அம்மாதான். "அப்ப நீ முட்டை திங்கலையாட்டி?"

"இல்லம்மா."

"ஏன்ட்டி சொல்லலை பாவி மகளே!" என்று சொல்லி, பசைக்கையோடு என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நர்சம்மா சிரிக்கவில்லை. நாயின் வாயைப் பிளந்து ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "எத்தனை நாளாச்சு?" என்றார். சொன்னேன். "எத்தனை முட்டை?" சொன்னேன். குப்பியை மூடினார். "இதைக் குடுத்திருந்தா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள செத்திருக்கும்" என்றார், என்னிடம் இல்லை, குப்பியிடம் சொல்வது போல. நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நாள் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போவார். உள்ளே அது கதவைப் பிராண்டுகிற சத்தம் கேட்கும். நான் பெட்டி ஒட்டுவேன். எழுந்து அந்தக் கதவு வரைக்கும் போவேன், திரும்புவேன். அம்மா இந்தத் தடவை எறும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பதினோராம் நாளோ என்னவோ, சாயங்காலம் வேலையில் இருந்து வந்தவர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் பக்கம் பார்க்கவில்லை. நாய் படியிறங்கி நேரே என்னிடம் வந்தது. கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என் கையை மோந்து, நாக்கை நீட்டியது. கையெல்லாம் பசை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தொட்டிக்குப் போய்ச் சாம்பல் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தேன், மறுபடியும் தேய்த்தேன். திரும்பி வந்து பார்த்தபோது நர்சம்மா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாய் நான் விட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமலே விளக்குப் பொருத்த உள்ளே போனார்.